மெடிகேரில் கை வைத்தது யார்? ஒபாமாகேர் சட்டமும் அமெரிக்க முதியோர் காப்பீடும்

அமெரிக்காவில் 2010 மார்ச் 23 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவச் சீர்திருத்தச் சட்டம் (ஒபாமாகேர்), காப்பீடு இல்லாதவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அதனால் புதிதாகக் காப்பீடு கிடைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு ஏற்கெனவே மெடிகேர் இருந்தது. ஆனாலும் அந்தச் சட்டத்தைக் கண்டு அதிகம் மிரண்டவர்கள் அவர்கள்தான். "மெடிகேரிலிருந்து 50,000 கோடி டாலரைப் பிடுங்கிவிட்டார்கள்" என்ற பிரசாரம் அந்த ஆண்டு நவம்பர் தேர்தலில் பல தொகுதிகளில் ஓடியது. குடியரசுக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. 2012 அதிபர் தேர்தலில் அதே குற்றச்சாட்டு 71,600 கோடி டாலராக வளர்ந்திருந்தது. ஜனநாயகக் கட்சியோ, முதியவர்களுக்கு ஒரு சலுகைகூடக் குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்றது.

இரு தரப்பும் சொன்னதில் உண்மையும் இருக்கிறது, மறைத்ததும் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழிதான்: மெடிகேரின் பணம் எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பது. "வெட்டு" என்று யார் சொன்னாலும், யாருடைய வருமானம் குறைகிறது என்று கேட்டுவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மெடிகேர் என்பது என்ன?

1965 ஜூலை 30 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டு உருவான திட்டம் இது. முதல் அட்டை முன்னாள் அதிபர் ட்ரூமனுக்குப் போனது. இருபது ஆண்டுகளுக்கு முன் தேசியக் காப்பீடு கேட்டுத் தோற்றவர் அவர். 65 வயதானவர்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் மெடிகேர் உண்டு. 1972-க்குப் பிறகு நீண்டகால ஊனமுற்றவர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். பெயர் ஒத்திருக்கும் மெடிகெய்ட் வேறு: அது ஏழைகளுக்கானது, மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து நடத்துவது.

மெடிகேருக்கு நான்கு பகுதிகள்.

1. பகுதி ஏ: மருத்துவமனையில் படுத்துச் சிகிச்சை பெறும் செலவு. சம்பளத்தில் தொழிலாளி 1.45 சதவீதம், முதலாளி 1.45 சதவீதம் கட்டும் வரி ஒரு தனி நம்பிக்கை நிதிக்குப் போகிறது. அதிலிருந்து இந்தச் செலவு தரப்படுகிறது. பத்து ஆண்டு (40 காலாண்டு) வரி கட்டியிருந்தால் இதற்கு மாதப் பிரீமியம் கிடையாது.

2. பகுதி பி: மருத்துவர் கட்டணம், பரிசோதனைகள், வெளிநோயாளி சிகிச்சை. செலவில் கால் பங்கு முதியவர்கள் கட்டும் பிரீமியம் (2025-இல் பெரும்பாலோருக்கு மாதம் 185 டாலர்). மீதி பொதுவான வரிப்பணம்.

3. பகுதி சி: மெடிகேர் அட்வான்டேஜ். ஏ, பி இரண்டையும் அரசிடம் பெறாமல் தனியார் காப்பீட்டு நிறுவனம் வழியாகப் பெறுவது. ஒரு ஆளுக்கு மாதம் இவ்வளவு என்று அரசு அந்த நிறுவனத்துக்குக் கொடுத்துவிடும்.

4. பகுதி டி: மருந்துக் காப்பீடு. 2003-இல் புஷ் காலத்தில் சட்டமாகி, 2006 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

அரசு இங்கே மருத்துவமனை நடத்துவதில்லை. பில்லைக் கட்டுகிறது, அவ்வளவுதான். எனவே அரசு ஒரு டாலர் மிச்சம் பிடித்தால், அது யாரோ ஒரு மருத்துவமனையின், மருந்து நிறுவனத்தின், காப்பீட்டு நிறுவனத்தின் வரவில் ஒரு டாலர் குறைவு. அந்தக் குறைவு கடைசியில் நோயாளியின் படுக்கை வரை வந்து சேருமா என்பதுதான் மொத்தச் சண்டையும்.

71,600 கோடி எங்கிருந்து வந்தது?

2012 ஜூலையில் காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பட்ஜெட் அலுவலகம் பிரதிநிதிகள் சபைத் தலைவருக்கு அனுப்பிய கடிதத்தில் இருந்த எண் அது. ஒபாமாகேரை ரத்து செய்தால் 2013 முதல் 2022 வரை மெடிகேர் செலவு எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டார்கள். 71,600 கோடி டாலர் கூடும் என்று வந்தது. அதாவது சட்டம் அந்த அளவுக்குச் செலவின் வளர்ச்சியை மட்டுப்படுத்துகிறது. சட்டம் வந்த பிறகும் மெடிகேரின் மொத்தச் செலவு ஏறிக்கொண்டேதான் போனது. ஏறும் வேகம்தான் குறைக்கப்பட்டது.

இரண்டு ஆண்டில் 50,000 கோடி எப்படி 71,600 கோடி ஆனது? புதிதாக யாரும் எதையும் வெட்டவில்லை. முதல் கணக்கில் சட்டம் இன்னும் சூடு பிடிக்காத தொடக்க ஆண்டுகள் இருந்தன. இரண்டாவது கணக்கு நகர்ந்து போய் முழு வேகத்தில் நடக்கும் பத்து ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் கிடைக்காது என்பதால் யாரும் சொல்லவில்லை. இன்னொன்றையும் மேடையில் சொல்லவில்லை: அந்தத் தேர்தலில் குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளரான ராம்னியின் துணை வேட்பாளர் பால் ரயன் தயாரித்த பட்ஜெட் திட்டங்களிலும் இதே மிச்சம் அப்படியே வைத்துக்கொள்ளப்பட்டிருந்தது.

சரி, அந்தத் தொகை யாரிடமிருந்து? ஏறக்குறைய 41,500 கோடி, மருத்துவமனைகள், முதியோர் பராமரிப்பு இல்லங்கள், வீட்டுக்கு வந்து செய்யும் செவிலியர் சேவை ஆகியவற்றுக்கான கட்டண உயர்வைக் குறைத்ததால். ஏறக்குறைய 15,600 கோடி, அட்வான்டேஜ் நிறுவனங்களிடமிருந்து. மீதி பல சில்லறைத் தலைப்புகள்.

மருத்துவமனைகள் ஏன் ஒப்புக்கொண்டன?

ஒவ்வோர் ஆண்டும் மெடிகேர் தன் கட்டணத்தை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தும். புதிய சட்டம் அந்த உயர்விலிருந்து, நாட்டுப் பொருளாதாரம் முழுவதிலும் உற்பத்தித்திறன் எவ்வளவு கூடியதோ அதைக் கழிக்கச் சொன்னது. மற்ற தொழில்கள் குறைந்த ஆளை வைத்துக் கூடுதல் வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன, நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள் என்பது இதன் தர்க்கம். ஊசி போடும் செவிலியரின் வேகத்தைக் கூட்ட முடியாது என்பது மருத்துவமனைகளின் பதில். மெடிகேரின் தலைமைக் காப்பீட்டுக் கணக்காளர் ரிச்சர்ட் ஃபாஸ்டரே 2010 ஏப்ரலில் ஓர் எச்சரிக்கை எழுதினார்: இது தொடர்ந்தால் பத்து ஆண்டுக்குள் பகுதி ஏ சேவை நிறுவனங்களில் சுமார் 15 சதவீதம் நட்டத்துக்குப் போகலாம்.

அப்படியும் மருத்துவமனைச் சங்கங்கள் சட்டத்தை எதிர்க்கவில்லை. 2009 ஜூலையிலேயே பத்து ஆண்டுக்கு 15,500 கோடி டாலர் விட்டுக்கொடுக்க வெள்ளை மாளிகையோடு உடன்பாடு செய்துகொண்டன. பதிலுக்கு என்ன கிடைக்கும்? காப்பீடு இல்லாமல் வந்து பில் கட்டாமல் போகிறவர்கள் குறைவார்கள். அந்த வராக் கடன் குறைந்தால் மெடிகேரில் விட்டதை அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

இந்தப் பேரம் பாதியில் முறிந்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை விரிவாக்கும்படி மாநிலங்களைக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. டெக்சாஸ், ஃப்ளோரிடா, ஜார்ஜியா, டென்னசி, மிசிசிப்பி உள்ளிட்ட 10 மாநிலங்கள் இன்றுவரை விரிவாக்கவில்லை. அங்குள்ள மருத்துவமனைகளுக்கு மெடிகேர் கட்டணக் குறைப்பு வந்து சேர்ந்தது. அதற்கு ஈடாகச் சொல்லப்பட்ட நோயாளிகள் வரவில்லை. கிராமப்புறத்தில் முப்பது நாற்பது படுக்கையோடு இருக்கும் மருத்துவமனை மூடப்பட்டால், மெடிகேர் அட்டையில் எல்லாச் சலுகையும் அச்சடித்தபடி இருந்தாலும் அந்த ஊர்ப் பெரியவர் அடுத்த மாவட்டத்துக்கு வண்டி பிடிக்க வேண்டும். "சலுகை எதுவும் குறையவில்லை" என்ற வாதம் தடுமாறும் இடம் இதுதான். கிராம மருத்துவமனைகள் மூடப்படுவதற்கு மக்கள்தொகை குறைவு, மருத்துவர் பற்றாக்குறை என வேறு காரணங்களும் உண்டு. ஆனால் பேரத்தின் ஒரு பக்கம் மட்டும் நடந்தேறியதை மறுக்க முடியாது.

2013 ஏப்ரலிலிருந்து எல்லா மெடிகேர் கட்டணங்களிலும் 2 சதவீதம் பிடிக்கப்படுகிறதே, அது ஒபாமாகேர் இல்லை. 2011-இல் கடன் வரம்புச் சண்டை முடிவுக்கு வந்தபோது இரு கட்சியும் சேர்ந்து செய்த ஏற்பாடு. பழி மட்டும் பல இடங்களில் ஒபாமாகேருக்குப் போனது.

அட்வான்டேஜ்: வெட்டியும் வளர்ந்த கிளை

தனியார் வந்தால் செலவு குறையும் என்பது பகுதி சி-யை உருவாக்கியவர்களின் நம்பிக்கை. நடந்தது வேறு. 2009-இல் ஒரு முதியவருக்கு நேரடி மெடிகேரில் 100 டாலர் ஆகும் இடத்தில், அட்வான்டேஜ் நிறுவனத்துக்கு அரசு சுமார் 114 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தது. கணக்கிட்டது மெட்பாக் எனப்படும் காங்கிரஸின் ஆலோசனைக் குழு. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு பகுதி பல் வைத்தியம், மூக்குக் கண்ணாடி, உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் கட்டணம் என்று முதியவர்களுக்கும் போனது. நேரடி மெடிகேரில் இவை கிடையாது.

ஒபாமாகேர் இந்தக் கூடுதலைப் படிப்படியாகக் குறைத்தது. மாவட்டத்தைப் பொறுத்து, நேரடி மெடிகேர் செலவில் 95 முதல் 115 சதவீதம் வரைதான் வரம்பு என்று வைத்தது. வாங்கும் பணத்தில் 85 சதவீதத்தையாவது சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவழிக்க வேண்டும் என்றும் 2014 முதல் விதித்தது. சலுகை குறையும் என்று முதியவர்கள் பயந்ததில் நியாயம் இருந்த ஒரே பகுதி இது. அட்வான்டேஜில் இருப்போர் எண்ணிக்கை சரியும் என்று அரசின் கணிப்புகளே சொல்லின.

சரியவில்லை. 2010-இல் மெடிகேர் பயனாளிகளில் கால்வாசிப் பேர் இதில் இருந்தார்கள். 2023-இல் பாதியைத் தாண்டிவிட்டார்கள். காரணம் இரண்டு. முதலாவது, நட்சத்திர மதிப்பீடு: நல்ல மதிப்பெண் வாங்கும் திட்டங்களுக்கு அதே சட்டமே போனஸ் கொடுத்தது. இரண்டாவது, நோய்க் குறியீடு. உடல்நலம் மோசமான ஆளுக்கு அரசு கூடுதலாகக் கொடுக்கும் என்பதால், நிறுவனங்கள் ஒவ்வொரு உறுப்பினருக்கும் இருக்கும் நோய்களை ஒன்று விடாமல் பதிவு செய்யத் தொடங்கின. செவிலியரை வீட்டுக்கே அனுப்பிப் பட்டியல் எடுத்தார்கள். நேரடி மெடிகேரில் மருத்துவருக்கு அப்படிப் பதிவு செய்ய அவசியம் இல்லை. அதே ஆள், அதே உடம்பு, காகிதத்தில் மட்டும் நோய் அதிகம். போதாததற்கு, நேரடி மெடிகேரின் சராசரியைவிட ஆரோக்கியமானவர்களே அட்வான்டேஜுக்குப் போகும் போக்கும் இருக்கிறது.

விளைவு: 2025-இல் மெட்பாக் கணக்குப்படி அரசு அட்வான்டேஜுக்குக் கொடுப்பது நேரடி மெடிகேரைவிட 20 சதவீதம் அதிகம், ஆண்டுக்குச் சுமார் 8,400 கோடி டாலர். முன்கதவில் 14 சதவீதத்தை வெட்டினார்கள், பின்கதவில் 20 சதவீதம் வந்துவிட்டது. முதியவர்களின் புகாரும் இடம் மாறிவிட்டது. இப்போது சலுகை குறைந்ததென்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. சிகிச்சைக்கு முன் நிறுவனத்தின் அனுமதிக்குக் காத்திருப்பதும், பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும் போக வேண்டியிருப்பதும்தான் தலைவலி.

முதியவர்களுக்குக் கிடைத்தது

பெரிய லாபம் மருந்தில். பகுதி டி-யில் ஓர் ஓட்டை இருந்தது. 2010 கணக்கில், மருந்துச் செலவு 2,830 டாலர் ஆகும் வரை காப்பீடு உதவும். அதைத் தாண்டினால் முழு விலையையும் நோயாளியே கட்ட வேண்டும். தன் கைப்பணம் 4,550 டாலர் ஆன பிறகு மறுபடி காப்பீடு வரும். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் மூன்றுக்கும் மருந்து சாப்பிடுகிறவர் ஆண்டின் நடுவிலேயே இந்தப் பள்ளத்தில் விழுந்துவிடுவார். சிலர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுச் சமாளித்தார்கள்.

ஒபாமாகேர் 2010-இல் இப்படிப் பள்ளத்தில் விழுந்தவர்களுக்கு 250 டாலர் காசோலை அனுப்பியது. 2011 முதல் பிராண்டு மருந்துகளுக்குப் பாதி விலை. மருந்து நிறுவனங்கள் தங்கள் பங்குக்கு 8,000 கோடி டாலர் விட்டுத்தர முன்பே ஒப்புக்கொண்டிருந்தன. 2020-க்குள் பள்ளம் மூடப்பட்டது. புற்றுநோய்ப் பரிசோதனை போன்ற தடுப்புச் சேவைகளுக்கும் ஆண்டுக்கொரு முறை உடல்நல ஆலோசனைக்கும் 2011 முதல் கைப்பணம் தேவையில்லை.

இன்சுலின் மாதம் 35 டாலர், மருந்துக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு, எலிக்விஸ், ஜனுவியா உட்பட 10 மருந்துகளுக்கு அரசே பேரம் பேசி வைத்த விலை ஆகியவை ஒபாமாகேரில் வந்தவை அல்ல. 2022 ஆகஸ்டில் பைடன் கையெழுத்திட்ட வேறு சட்டத்தின் வேலை அவை. உச்சவரம்பு 2025-இலும், பேரம் பேசிய முதல் விலைகள் 2026 ஜனவரியிலும் நடைமுறைக்கு வந்தன. வாட்ஸ்அப் செய்திகளில் இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது சகஜம்.

மரணக் குழு

2009 ஆகஸ்டில், முந்தைய ஆண்டு குடியரசுக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் கிளப்பிய சொல் இது. யார் பிழைக்கலாம் என்று அதிகாரிகள் குழு முடிவு செய்யும் என்பது குற்றச்சாட்டு. மசோதாவில் இருந்தது வேறு: இறுதிக் காலத்தில் என்ன சிகிச்சை வேண்டும், வேண்டாம் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் பேச நோயாளி விரும்பினால், அந்தச் சந்திப்புக்கு மெடிகேர் கட்டணம் தரும். கூச்சலுக்குப் பயந்து அந்தப் பிரிவை நீக்கினார்கள். 2016 ஜனவரியில் சாதாரண விதிமுறை வழியாக அதே கட்டணம் வந்தது. பெரிய சத்தம் இல்லை.

செலவு எல்லை மீறினால் குறைக்க வழி சொல்ல 15 பேர் கொண்ட வாரியம் ஒன்றும் சட்டத்தில் இருந்தது. சலுகையைக் குறைக்கவோ பிரீமியத்தைக் கூட்டவோ அதற்குத் தடை. ஒரு உறுப்பினர்கூட நியமிக்கப்படாமலேயே 2018-இல் அது ஒழிக்கப்பட்டது.

ஒரே பணம், இரண்டு கணக்கு

இனி வருவது கொஞ்சம் கடினம், ஆனால் விமர்சகர்களின் வலுவான வாதம் இதுதான்.

பகுதி ஏ நம்பிக்கை நிதி 2017-இல் தீர்ந்துவிடும் என்று 2009-இல் அறங்காவலர்கள் அறிக்கை சொன்னது. சட்டம் வந்த பிறகு, 2010 அறிக்கை அதை 2029 என்று மாற்றியது. கட்டண உயர்வைக் குறைத்தது ஒரு காரணம். ஆண்டுக்கு 2 லட்சம் டாலருக்கு மேல் (தம்பதிக்கு 2.5 லட்சம்) சம்பாதிப்பவர்களிடம் 2013 முதல் 0.9 சதவீதம் கூடுதல் வரி வாங்குவது இன்னொரு காரணம். அதே நேரம், அதே மிச்சப் பணத்தைக் கொண்டுதான் இளையவர்களுக்கான காப்பீட்டு மானியமும் தரப்படுகிறது, பற்றாக்குறை கூடாது என்றும் அரசு சொன்னது. ஒரு டாலரை இரண்டு முறை செலவழிக்க முடியுமா?

முடியாது என்று ஃபாஸ்டரும் எழுதினார், பட்ஜெட் அலுவலகமும் எழுதியது. நடப்பது இது: மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து மளிகைக் கடை பாக்கியைத் தீர்த்துவிட்டு, உண்டியலுக்குள் "இவ்வளவு தர வேண்டும்" என்று சீட்டு எழுதிப் போடுவது. சீட்டு பொய்யில்லை. நம்பிக்கை நிதியின் மிச்சம் அரசுக் கடன் பத்திரமாக மாறுகிறது. அந்தப் பத்திரத்துக்குச் சட்டப்படி மதிப்பு உண்டு. ஆனால் கல்யாணம் வரும்போது அந்தப் பணத்தை அரசு மறுபடி வரியாகவோ கடனாகவோ திரட்டித்தான் ஆக வேண்டும். நிதியின் ஆயுள் கூடியது உண்மை. அரசின் மொத்தச் சுமை அதே அளவு குறைந்தது என்று சொன்னால் அது உண்மையில்லை.

நிதி தீரும் ஆண்டு பொருளாதார நிலைமையோடு ஆடிக்கொண்டே இருக்கும். 2024 அறிக்கை 2036 என்றது, 2025 அறிக்கை 2033 என்கிறது. அந்த ஆண்டு வந்தால் மெடிகேர் மூடப்பட்டுவிடும் என்று பயப்பட வேண்டாம். வரி வரவு தொடரும், அதில் பகுதி ஏ செலவில் சுமார் 89 சதவீதம் தர முடியும். மீதி 11 சதவீதத்தை எங்கிருந்து கொண்டுவருவது என்று காங்கிரஸ் அதற்குள் முடிவெடுக்க வேண்டும். பி, டி இரண்டும் பெரும்பாலும் பொது வரிப்பணத்தில் நடப்பவை. அவை இப்படித் தீர்ந்துபோக வழியில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகளோடு வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு

குடியுரிமை பெற்ற மகனோ மகளோ அழைத்து, கிரீன் கார்டோடு போன பெற்றோருக்கு இந்தச் சட்டங்கள் நேராகப் பொருந்தும்.

1. கிரீன் கார்டோடு ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்த பிறகே, 65 வயதானவர் பிரீமியம் கட்டி மெடிகேரில் சேரலாம். பிள்ளை கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. 40 காலாண்டு வேலை செய்யாதவருக்குப் பகுதி ஏ பிரீமியம் 2025-இல் மாதம் 518 டாலர் வரை. பகுதி பி-யை மட்டும் தனியாகவும் எடுக்கலாம். 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் குடியேறிகள் பலரை மெடிகேரிலிருந்து விலக்கினாலும், கிரீன் கார்டு உள்ளவர்களின் உரிமையை விட்டுவைத்திருக்கிறது.

2. அந்த முதல் ஐந்து ஆண்டுக்கு ஒபாமாகேர்தான் வழி. 2014-க்கு முன் பழைய நோய் உள்ள பெரியவருக்கு முழுக் காப்பீடு விற்க நிறுவனங்கள் மறுக்கலாம். அதன் பிறகு மறுக்க முடியாது, இளையவரைவிட மூன்று மடங்குக்கு மேல் விலை வைக்கவும் முடியாது. மெடிகெய்ட் பெறத் தகுதி இல்லாத புதுக் குடியேறிகள், வருமானம் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தாலும், பிரீமியத்துக்கு மானியம் பெற்றுவந்தார்கள். 2025 சட்டம் அந்த விலக்கை 2026 முதல் எடுத்துவிட்டது. தனியாக வரிக் கணக்குக் காட்டி, வருமானமே இல்லாத பெற்றோருக்கு விழும் அடி இது. பெற்றோரைத் தன் வரிக் கணக்கில் சேர்த்துக் காட்டும் பிள்ளைகளுக்குக் குடும்ப வருமானத்தை வைத்தே கணக்கிடப்படும்.

3. ஐந்தாண்டு நிறைவடையும் மாதத்தை ஒட்டி ஏழு மாதம்தான் சேர்வதற்கான முதல் வாய்ப்பு. தவறினால் பகுதி பி-யில் ஒவ்வொரு முழு ஆண்டு தாமதத்துக்கும் பிரீமியம் 10 சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் ஆயுள் முழுக்கத் தொடரும். ஆறு மாதம் சென்னையில், ஆறு மாதம் நியூ ஜெர்சியில் என்று இருப்பவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்: இந்தியாவில் செய்யும் சிகிச்சைக்கு மெடிகேர் பணம் தராது, ஆனால் இந்தியாவில் தங்கும் மாதங்களுக்கும் பிரீமியம் கட்டியாக வேண்டும்.